எந்தக் கடன் செயலி உண்மையானது என்று தமிழில் சொல்லுங்கள்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 மார்ச் 27 அன்று, ஊரடங்கு தொடங்கிய மூன்றாம் நாளில், கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழிசெய்தது. பிறகு அந்தச் சலுகை ஆகஸ்ட் இறுதிவரை நீண்டது. வீட்டுக் கடனும் வாகனக் கடனும் வாங்கியிருந்தவர்கள் சற்று மூச்சுவிட்டார்கள். வங்கிக் கடனே வாங்கியிராத ஆட்டோ ஓட்டுநருக்கும், கல்யாண வீடுகளில் சமைத்துப் பிழைத்தவருக்கும் அதில் ஒன்றும் இல்லை. அடகுக் கடைகள் பூட்டிக் கிடந்தன. கைமாற்றுக் கொடுப்பவர் கையிலும் காசு இல்லை. ஐந்தே நிமிடத்தில் கடன் என்று கைப்பேசியில் வந்த விளம்பரத்தை அவர்கள் தொட்டதில் என்ன வியப்பு?

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பெண் ஒருவர் அப்படித்தான் 5,000 ரூபாய் கேட்டார். செயலாக்கக் கட்டணம், வரி என்று பிடித்ததுபோக வந்தது 3,500. ஏழாம் நாள் முழு 5,000-ஐயும் கட்ட வேண்டும். செயலியை நிறுவும்போதே தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அது அனுமதி கேட்டது. மறுத்தால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. நிபந்தனைகள் எல்லாம் ஆங்கிலத்தில்.

வீட்டில் இருந்தது அந்த ஒரு கைப்பேசிதான். மகனின் இணையவழி வகுப்பும் அதில்தான் நடந்தது. அதனால் வகுப்பாசிரியரின் எண்ணும் உடன் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எண்களும் அதில் சேர்ந்திருந்தன. தவணை தவறிய மறுநாள், செயலிக்காரர்கள் அந்தப் பெண்ணின் படத்தின்மேல் 'திருடி' என்று எழுதி அத்தனை பேருக்கும் அனுப்பினார்கள். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து கத்தினால் தெருவுக்குத்தான் தெரியும். இது பிள்ளையின் வகுப்புவரை போனது. அதன்பின் அந்தப் பையன் பல நாள் வகுப்பில் சேரவே மறுத்தான். பெருந்தொற்று நம் வீட்டையும் பள்ளியையும் கடனையும் ஒரே கருவிக்குள் திணித்ததால் வந்த வினை இது.

2020 டிசம்பரில் இத்தகைய கடன் செயலிகள் குறித்து ரிசர்வ் வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குள் தெலங்கானாவில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதமே அமைத்த பணிக்குழு, இரண்டு மாத காலத்தில் செயலிக் கடைகளில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை என்று கண்டது. பாதிக்கும் மேல்! ஆனாலும் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் படங்களையும் கடன் செயலிகள் தொடக் கூடாது என்ற விதி 2022 செப்டம்பரில்தான் வந்தது. நல்ல விதி, மனமார வரவேற்கிறேன். ஆனால் பசி அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. அதற்குள் எடுத்துச் சென்ற எண்கள் இன்று எவரெவரிடம் இருக்கின்றனவோ.

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2025 ஜூலை முதல் உங்கள் இணையதளத்தில் கடன் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. அது வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாமாகக் கொடுத்த விவரம். ரிசர்வ் வங்கி சரிபார்த்தது அல்ல. உங்கள் பெயரை நம்பித்தானே மக்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள்? மாதிரிக்குச் சிலவற்றையாவது நீங்களே சோதித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்பாக வந்து, செயலிக் கடை வழியே வராமல் நேரடியாக நிறுவப்படும் போலிகள் பெரிய நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே போட்டுக்கொள்கின்றன. பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. எங்கிருந்து நிறுவ வேண்டும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

அந்தப் பட்டியலை எங்கள் தையல்காரர் எப்படித் தேடுவார்? ஆங்கிலத்தில் தேடி, அட்டவணையைப் புரட்டி, ஒத்துப்பார்க்க அவரால் இயலாது. உங்களிடம் 14448 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம். இன்று அது புகார் செய்யும் வழியைச் சொல்லவே பெரிதும் பயன்படுகிறது. செயலியின் பெயரைச் சொன்னால், அது எந்த வங்கியின் சார்பில் இயங்குகிறது, அல்லது பட்டியலிலேயே இல்லை என்று அங்கேயே பதில் கிடைக்கட்டும். கடன் வாங்குவதற்கு முந்தைய நிமிடத்தில் கேட்க ஓர் இடம் வேண்டும். மானம் போன பிறகு கிடைக்கும் புகார் எண்ணால் என்ன பயன்? கிராமத்து வங்கிக் கிளைகளிலும் ரேஷன் கடைகளிலும் அந்த எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் செய்யுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். அடுத்த பேரிடரில் தவணையைத் தள்ளிவைக்கும் ஆணை வரும் அதே நாளில், ஜன்தன் கணக்கு மட்டுமே உள்ளவர்களுக்கும் சில ஆயிரம் ரூபாய் அவசரக் கடன் கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும். அதற்கான விதிகளை இப்போதே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வங்கி வாடிக்கையாளர்