நான் மறக்கினும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அண்ணா நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிவிட்டார் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்குக் கரூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது.

அண்ணாவுக்கு இரவில் தூக்கம் பிடிப்பதில்லை, படபடவென்று வருகிறது என்று எழுதியிருக்கிறாய். மந்திரம் சொல்லச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் தீட்சை வாங்காமல் சொல்லலாமா, உச்சரிப்பு பிசகினால் பாவமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். இதெல்லாம் ஏட்டில் படிப்பதற்கு முன் என் மாமியாரிடம் பார்த்தது.

உனக்கு அத்தையை நன்றாகத் தெரியும். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலைக்காய் உரிப்பார்களே, அப்போது உதடு மட்டும் அசையும். ஒரு காய்க்கு ஒரு நமச்சிவாயம். அத்தை ஜபமாலையைத் தொட்டதே இல்லை. படி நிறைந்தால் எண்ணிக்கை நிறைந்தது, அவ்வளவுதான். எந்தக் குருவிடமும் உபதேசம் வாங்கியதில்லை, அவர்களுடைய ஆத்தா சொன்னதைக் கேட்டுப் பழகியது.

போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்ததோடு பேச்சும் போய்விட்டது. பெற்ற மகன் பெயர்கூட வாயில் வரவில்லை. தண்ணீர் கேட்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த ஒரு மாதமும் நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஆயிரத்தெட்டு, ஆயிரத்தெட்டு என்று நோட்டில் எழுதினேன். "அத்தையைப் பேச வை, லட்சம் எழுதித் தருகிறேன்." மனசுக்குள் அதுதான் ஓடியது. உண்மையைச் சொன்னால் அது ஜபமில்லை, பேரம். எழுத எழுத எனக்குப் பதற்றம்தான் கூடியது.

ஒருநாள் விடிகாலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "நமச்சிவாயம், நமச்சிவாயம்" என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடது கைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்தி அழுத்தி விட்டது, கடலைக்காயை உடைக்கிற மாதிரியே. நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பேச்சு போனவர்களுக்கும் வருடக்கணக்கில் சொல்லிப் பழகிய பிரார்த்தனை, பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது இவையெல்லாம் பல நேரம் தங்கிவிடும் என்றாள். சரி, அது மருத்துவம். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம் கொடுமுடியில் சுந்தரர் பாடிய பதிகம். "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே." பாட்டுக்குப் பாட்டு அந்த அடியில்தான் வந்து நிற்கும். மகுடேசுவரர் சன்னிதியில் எத்தனை தடவை நீயும் நானும் நின்று கேட்டிருப்போம்! உன்னை மறக்கவே மாட்டேன் என்று பாடுவதுதான் பக்தர்கள் வழக்கம். சுந்தரரோ, நான் மறந்துபோனாலும் என் நாக்கு சொல்லும் என்கிறார். மனசு கைவிட்டுவிடும் என்று தெரிந்தவர், அதனால் நாக்கிடம் ஒப்படைத்து வைக்கிறார். மனனம் செய்பவரைக் காப்பதால் மந்திரம் என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

அத்தைக்குப் பேச்சு கடைசிவரை திரும்பவில்லை. அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். மந்திரம் நோயை மாற்றவில்லை. ஆனால் கண் மூடும்வரை இருந்த அந்த எட்டு மாதமும் அவர்கள் முகத்தில் பயம் இல்லை.

இப்போது உன் கேள்வி. சைவ முறைப்படி நமசிவாய என்ற அஞ்செழுத்தைத் தீட்சை பெற்று ஜபிப்பதுதான் மரபு. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பதிகம் பாடத் தீட்சை எதுவும் வேண்டாம், நமச்சிவாய என்ற பெயர் அதற்குள்ளேயே இருக்கிறது. உச்சரிப்புக்குப் பயப்படுவது வேதத்துக்குப் பொருந்தும். ருத்ரம் சொல்பவர்கள் ஸ்வரம் ஏற்றி இறக்கிக் குருவிடம் வருடக்கணக்கில் கற்கிறார்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட அதெல்லாம் எதற்கு?

அந்த அஞ்செழுத்துக்கு அர்த்தம் கேட்டாயே, சைவ சித்தாந்தம் இப்படிச் சொல்கிறது. சி என்பது சிவம், வா அருள், ய உயிர், ந மறைக்கும் சக்தி, ம மலம், அதாவது உயிரைப் பிடித்திருக்கும் அழுக்கு. சிவாயநம என்று மாற்றிச் சொல்லிப் பார். ஒரு பக்கம் சிவமும் அருளும், மறுபக்கம் மறைப்பும் மலமும், நடுவில் உட்கார்ந்திருக்கிற ய நாம்தான். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதுதான் கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்த ஐந்து எழுத்தை வேகமாகச் சொல்ல முடிவதில்லை, ய வரும்போது கொஞ்சம் நின்றுவிடுகிறேன்.

அண்ணாவுக்கு ஆராய்ச்சி, ஆதாரம் என்றால்தான் நம்பிக்கை வரும். அவரிடம் இதைச் சொல்: 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரைக் கத்தோலிக்கர்களின் ஜெபமாலைப் பிரார்த்தனையும் திபெத்திய பௌத்தர்களின் ஓம் மணி பத்மே மந்திரமும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்பட்டது, அந்த லயத்தோடு ரத்த ஓட்டமும் இசைந்தது. ஆனால் மாத்திரைகளை ஒருவேளைகூட விடக்கூடாது, அதில் நீ கண்டிப்பாக இரு.

படுக்கும்போது சத்தமாக வேண்டாம், உதடு மட்டும் அசைந்தால் போதும். மாலை வைத்துக்கொண்டால் ஆள்காட்டி விரல் படாமல் நடுவிரலில் உருட்டச் சொல். 108 முடிந்ததும் மாலையின் தலையில் இருக்கும் மேரு மணியைத் தாண்டாமல் திருப்பிக்கொள்ள வேண்டும். நடுவில் தூங்கிவிட்டால் தூங்கட்டும், எழுப்பாதே. "துஞ்சலும் துஞ்சல் இலாத போழ்தினும்" நினையுங்கள் என்று சம்பந்தரே தூக்கத்தையும் சேர்த்துத்தான் பாடியிருக்கிறார்.

அப்புறம், ஆடிப் பதினெட்டுக்குக் கூட்டம் தாங்காது, அந்த வாரம் வராதே. அது கழிந்து ஒரு சாதாரண நாளில் அண்ணாவையும் அழைத்துக்கொண்டு வா. காவிரிப் படித்துறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வன்னி மரத்தடிக்குப் போய் வரலாம்.

பதிகத்தைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணாவுக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி