ஓலை கருத்துப்போனவர் நம்மைக் கண்டுபிடிக்கட்டும்: வேளாண் இணையதளத்தின் சக பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன மாதம் பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவின் தோப்புக்குப் போயிருந்தேன். கீழ் ஓலைகளெல்லாம் கரி பூசினாற்போல் கிடந்தன. 'தென்னை ஓலை கருப்பா இருக்கு என்ன செய்ய' என்று கைபேசியில் தேடியிருக்கிறார். உருப்படியாக எதுவும் வரவில்லை. கடைக்காரர் கொடுத்த பூச்சிமருந்தை இரண்டு முறை அடித்துவிட்டார்.

2016-இல் அந்தப் பகுதியில் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈயின் வேலை அது. ஈ கழிக்கும் இனிப்புக் கசிவின் மேல் கரும்பூசணம் படர்கிறது. மருந்தடித்தால் ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த பசையைத் தெளித்தால், பசை காய்ந்து உரியும்போது பூசணமும் உதிர்ந்துவிடும். இத்தனையும் நம் தளத்தில் இருக்கிறது. நாம் எழுதியதுதான்.

அவருக்கு ஏன் அது கிடைக்கவில்லை? நாம் வைத்த தலைப்பு 'தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயின் ஒருங்கிணைந்த மேலாண்மை'. ஓலை, கருப்பு என்ற சொற்கள் கட்டுரையில் எங்குமே இல்லை. போதாததற்கு அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். வெயிலில் நின்று கைபேசியில் அதைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இழுத்து இழுத்து யார் படிப்பார்கள்?

பழைய பக்கங்கள் இன்னும் மோசம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதைத் தமிழென்று கூகுள் எப்படி அறியும்? எல்லாக் கணினிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீடான யூனிகோடை, தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. நாம் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

எளிமையாக எழுதினால் அறிவியல் தரம் குறைந்துவிடும் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. அறிவியல் பெயரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. இரண்டாம் பத்தியில் இருக்கட்டும். முதல் பத்தியில் உழவர் கண்ணால் பார்க்கும் அறிகுறியும், அன்றே செய்ய வேண்டியதும் வரட்டும். 'மேற்கொள்ளப்பட வேண்டும்' என்பதை 'செய்யுங்கள்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

தேடுசொற்களுக்காக எங்கும் அலைய வேண்டாம். உழவர்கள் ஃபோனில் கேட்பதை நாம் எழுதிவைக்கும் நோட்டு மேசையிலேயே கிடக்கிறது. 'தக்காளி இலை சுருட்டுது', 'நெல்லு குருத்து காயுது' என்று அவர்கள் வாய்மொழியிலேயே இருக்கிறது. தலைப்புகளை அதிலிருந்து எடுப்போம். ஆனால் ஒரே சொல்லைப் பத்து இடத்தில் திணிக்கும் வேலை மட்டும் வேண்டாம், படிப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். படங்களுக்கும் வெறும் எண்ணை விட்டுவிடாமல், 'கரும்பூசணம் படர்ந்த தென்னை ஓலை' என்று, படத்தில் இருப்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் மாற்று உரை கொடுப்போம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்ற முடியாதுதான். தென்னைப் பக்கங்களை யூனிகோடில் தட்டச்சு செய்யும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். தக்காளியையும் நெல்லையும் யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அந்த நோட்டை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவர்