மாரிக்குள் ஒரு நத்தார்

கிளிநொச்சி
மார்கழி (டிசெம்பர்) 2

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இம்முறை நத்தாருக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகளோடு முள்ளியவளைக்கே வருகிறாய் என்று அறிந்து மிகவும் சந்தோசம். இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. 2018இல் நத்தாருக்குச் சில நாள் இருக்க இரணைமடுக் குளம் வான்பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே எவரும் மறக்கவில்லை. அதனால் மா, சீனி, எண்ணெய், காஸ் எல்லாவற்றையும் 18ஆம் திகதிக்குள் வீட்டுக்குள் எடுத்துவிடு. அதற்குப் பிறகு வாங்குவது மரக்கறியும் இறைச்சியும் மட்டுமாக இருக்கட்டும்.

வேலையைக் குறைக்க வழி கேட்டிருந்தாய். வன்னியில் நத்தார் நேரத்தில் ஆளைக் களைக்கப்பண்ணுவது ஈரம்தான். கொழும்பில் மார்கழி மழை இப்படி நின்று பெய்வதில்லை. இங்கே வடகீழ்ப் பருவமழையின் நடுவில் பாலன் பிறப்பு வருகிறது. ஆகவே காயவேண்டிய வேலை எதையும் மார்கழியில் தொடங்காதே. சுவருக்குப் பெயின்ற் அடிக்கவேண்டாம். ஈரச் சுவரில் அடித்தால் தை மாதத்திலேயே பொருக்காகக் கிளம்பும். பூஞ்சணம் பிடித்த இடத்தை மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்துவிடு. திரைச்சீலைகளை ஒரே நாளில் கழற்றித் தோய்க்காதே. விறாந்தையில் கொடி கட்டினாலும் தடித்த சீலை காய இரண்டு நாள் போகும், மணமும் பிடிக்கும். முன்னறைச் சீலை மட்டும் போதும்.

பலகாரத்தில் இரண்டோடு நிறுத்து: ஒன்று உறைப்பு, ஒன்று இனிப்பு. முறுக்கும் பயத்தம் பணியாரமும் என்றால் இரண்டுமே ஒரு கிழமைக்கு மேல் நிற்கும். அச்சுப்பலகாரம் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் 24ஆம் திகதி பகல் கொஞ்சமாகச் சுடு. தேங்காய்ப்பால் சேர்ந்ததால் இந்தக் காற்றில் கெதியாகப் பதத்துப்போகும். அச்சில் மா ஒட்டிக்கொண்டு கழராவிட்டால் அச்சுச் சூடு காணாது. அச்சில் மா பிடிக்காமலே வழிந்தால் சூடு கூடிவிட்டது.

முறுக்குக்கு மா அவிக்கும் வேலையை முதற்கிழமையே முடித்துவை. 1 கிலோ கோதுமை மாவைத் துணியில் தளர்வாகக் கட்டி 40 நிமிடம் ஆவியில் அவித்து, சூடாக இருக்கும்போதே அரிதட்டில் அரி. ஆறவிட்டால் கல்லுக்கட்டி. வழக்கமாக வெயிலில் ஒரு மணித்தியாலம் பரப்புவோமே, அதற்குப் பதில் தாச்சியில் மிக மெல்லிய நெருப்பில் ஐந்து நிமிடம் பிரட்டி, நன்றாக ஆறியபின் ரின்னில் போடு. அதுவும் ஏலாதென்றால் கடையில் அவித்த மா பைக்கற் வாங்கு, தப்பே இல்லை. அவித்த மா நாலு பங்குக்கு வறுத்து அரைத்த உழுத்தம் மா ஒரு பங்கு. ஓமம், எள்ளு, உப்பு. 500 கிராம் மாவுக்குச் சூடாக்கிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. எண்ணெய் கூடினால் முறுக்குத் தாச்சிக்குள்ளேயே பிரிந்து உதிரும். குழைக்கத் தேங்காய்ப்பால் வேண்டாம், கொதிநீர் போதும். பால் சேர்த்தால் ருசி கூடும், ஆனால் சில நாளில் காறல் மணம் வரும். எண்ணெய் காயாமல் பிழிந்தால் முறுக்கு எண்ணெயைக் குடித்து மறுநாளே சொதசொதக்கும். சிறு துளி மாவைப் போட்டுப் பார். அடியில் கிடக்காமல் உடனே மேலே வரவேண்டும். ஒவ்வொரு முறையும் தாச்சியை நிரப்பினால் சூடு இறங்கும், அதனால் முக்கால் பங்கோடு நிறுத்து.

சுட்டதை முழுதாக ஆறவிட்டே ரின்னில் அடுக்கு. சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணியே பலகாரத்தைக் கெடுக்கும். பெரிய ரின் ஒன்றைவிடச் சின்ன ரின் நாலு நல்லது. ஒன்றைத் திறந்து முடித்தபின் மற்றதைத் திற. மற்றவற்றின் மூடியைச் சுற்றி ரேப் ஒட்டு. வறுத்த அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து ஒவ்வொரு ரின்னிலும் போட்டுவிடு. அப்படியும் முறுக்கு நமுத்தால் வெறும் தாச்சியில் மெல்லிய சூட்டில் ஐந்து நிமிடம் பிரட்டு, திரும்ப மொறுமொறுப்பு வரும்.

இன்னொன்று: திருவெம்பாவைக் காலமும் ஏறத்தாழ இதே நாட்களில்தான் வரும். விரதம் பிடிக்கிற அயலட்டைக்குக் கொடுப்பதற்கு முட்டை சேராதவற்றைப் புது எண்ணெயில் முதலில் சுட்டு வேறு ரின்னில் வை. முட்டை சேர்ந்தவை அதற்குப் பிறகுதான் அந்த எண்ணெய்க்குள் போகவேண்டும். இதில் மட்டும் குறுக்குவழி பார்க்காதே. நம்பி வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு நாங்கள் செய்யும் மரியாதை அது.

கேக்கில் ரிச் கேக்கை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். நீற்றுப்பூசணிப் பாகும் கஜுவும் ரவையும் நறுக்கி அரிந்து வறுத்து இரண்டு நாள் போய்விடும். பட்டர் 250, சீனி 250, கோதுமை மா 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி: எட்டங்குலத் தட்டுக்குச் சரி. சீனியை மிக்சியில் பொடியாக்கிப் போட்டால் அடிக்கும் நேரம் பாதியாகக் குறையும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை உடனே ஊற்றினால் கலவை திரியும். முட்டையை ஒரு மணித்தியாலம் வெளியே வை. திரிந்தாலும் பயப்படாதே, ஒரு மேசைக்கரண்டி மாவைத் தூவி அடித்தால் சேர்ந்துவிடும். உலர்பழம் போட விருப்பமென்றால் மாதக்கணக்கில் ஊறப்போடத் தேவையில்லை. நறுக்கிய பழம் 300 கிராமைக் கடும் சாயத்தேநீர் ஒரு கோப்பையில் சீனி இரண்டு கரண்டியோடு ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, மூடி ஓர் இரவு விட்டால் போதும். மறுநாள் வடித்து, துடைத்து, மாவில் பிரட்டிச் சேர். பழக் கேக்குக்குப் பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டியாகக் குறை. கலவை இலகுவானால் பழமெல்லாம் அடியில் போய் இருக்கும்.

கரண்ட் போகிற காலம் என்பதால் மின்சார அவனை நம்பாதே. முதல் அரை மணித்தியாலத்துக்குள் சூடு நின்றால் கேக்கின் நடு அமிழ்ந்துவிடும், பிறகு எழும்பாது. அடிகனத்த சட்டியில் ஓரங்குலத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, மேலே சின்னக் கால்மணை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கு. பிறகு தட்டை வைத்து மெல்லிய நெருப்பில் ஒரு மணித்தியாலம். முதல் 40 நிமிடம் மூடியைத் திறக்கக்கூடாது. மூடியைத் துணியால் சுற்றினால் ஆவித்தண்ணி கேக்கில் சொட்டாது, ஆனால் துணி நுனிகளை மேலே முடிந்துவிடு, நெருப்பில் பட்டுவிடும். பட்டர் கேக்கை 22 அல்லது 23இல் செய். இந்த ஈரத்தில் முந்திச் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும். மணலைக் கார்த்திகை மழைக்கு முன் எடுத்து வைக்காதவர்கள் கல்லுப்பைப் பாவிக்கலாம்.

குடிலுக்கு மாப்பசை வேண்டவே வேண்டாம். காயாது, எறும்பும் பூஞ்சணமும் வரும். சீமெந்துப் பையின் உள்தாளைக் கசக்கி விரித்து மலையாக்கி ஸ்ரேப்ளரால் அடி. பெரும்போக அறுவடை தை மாசியில்தான், ஆகவே இப்போது கிடைப்பது பழைய வைக்கோல். மாட்டுக்காரரிடம் கேட்கும்போது வைக்கோற்போரின் நடுவிலிருந்து உருவித் தரச்சொல். பச்சைப் புல்லுக்கு, ஒரு நாள் ஊறவைத்த நெல்லை 15ஆம் திகதி தட்டில் ஈரமண் போட்டு விதைத்தால் 24ஆம் திகதிக்குக் குடிலின் முன் வைக்கலாம். இந்த மழை அதற்கொன்றுக்குத்தான் உதவி. நட்சத்திரக் கூட்டுக்கு ரிசுத்தாள் வேண்டாம், வெள்ளைப் பொலித்தீன் ஒட்டி, அடி மூலையில் தண்ணி வடிய ஓட்டை விடு. உள்ளே அதிகம் சூடாகாத 5 வாற் எல்.ஈ.டி. பல்ப் மட்டும். வயர் பொருத்து வெளியில் வரவே கூடாது.

பெருநாள் சமையலை முதல் இரவே முடித்துவிட ஆசை வரும். இறைச்சிக் கறியைத் தேங்காய்ப்பாலோடு சமைத்து வெளியில் வைத்தால் விடிய முன் புளித்துவிடும். இரவுத் திருப்பலிக்குப் போகுமுன் வெங்காயம், இஞ்சி, உள்ளி அரிந்து மூடி வை. சரக்குத்தூளை முன்னமே வறுத்திடித்து வை. கோழியைக் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மட்டும் உப்பும் வினாகிரியும் பிரட்டி உள்ளே வை. இல்லையென்றால் காலையில் வாங்கு. தேங்காய் திருவும் நேரத்துக்குத் தேங்காய்ப்பால் மாப் பைக்கற் போதும். காலைச் சாப்பாட்டுக்குப் பாணும் கேக்கும் வாழைப்பழமும் என்று இப்போதே வீட்டில் சொல்லிவிடு. விறகு எரிப்பதென்றால் சிரட்டையும் ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) இரண்டு கிழமைக்கு முன்பே அடுப்புக்கு மேல் பரணில் போடச்சொல்.

மறுநாள் 26ஆம் திகதி. 2004 ஆழிப்பேரலையில் போனவர்களுக்கு முல்லைத்தீவில் பூசையும் நினைவும் நடக்கும், உங்கள் வீட்டாரும் போவார்கள். ஆகையால் 25 பின்னேரமே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, மெழுகுதிரியும் பூவும் எடுத்து வைத்துவிடு.

வரும்போது அங்கிருந்து நல்ல பட்டரும், எட்டங்குல கேக் தட்டு ஒன்றும், இறுக்கமான மூடியுள்ள சின்ன ரின்கள் ஐந்தாறும் கொண்டுவா. பட்டரைக் கடைசி நாள் வாங்கி, கடதாசியில் இரண்டு சுற்றுச் சுற்றி எடு. மா அவித்து வைக்கவா என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்; உனக்கும் சேர்த்து 2 கிலோ அவிக்கிறேன்.

அன்புடன்,
உன் சிநேகிதி