நோட்டீஸில் பேர் போடுமுன்

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

மாணவர் சங்கத் தேர்தலில் நீ ஜெயித்ததை அப்பா புளோக் முழுக்கச் சொல்லிவிட்டார். கட்டண உயர்வை எதிர்த்து நோட்டீஸ் அடிக்கப்போவதாகவும் அடியில் செயற்குழுவினர் எல்லார் பேரையும் போடுவதாகவும் எழுதியிருந்தாயே, அங்கேதான் கொஞ்சம் நில்.

1954-இல் இங்கே மலாயாப் பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மன்றம் 'ஃபஜார்' என்று ஒரு பத்திரிகை நடத்தியது. மே மாத இதழில் 'ஆசியாவில் ஆக்கிரமிப்பு' என்று ஒரு தலையங்கம். ஆசிரியர் குழுவில் எட்டுப் பேர்மீது ராஜதுரோக வழக்கு. லண்டனிலிருந்து வந்த டி.என். பிரிட் வாதாடினார். அவருக்குத் துணை வக்கீல் லீ குவான் இயூ. ஆகஸ்டில் எட்டுப் பேருக்கும் விடுதலை.

அந்த எட்டில் ஒருவரான போ சூ காய், ரப்பர் முதலாளி டான் கா கீயின் பேரன். 1963 பிப்ரவரியில், அதே லீ பிரதமராக இருந்தபோது பிடிபட்டு, இரண்டு தவணையாக ஏறக்குறைய 17 வருஷம் விசாரணையில்லாத காவலில் இருந்தார். அதே கூண்டில் நின்ற எட்வின் தம்பு பேராசிரியராகி, நாடு கொண்டாடும் கவிஞரானார். ஒரே நோட்டீஸில் பேர் போடுகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்வதில்லை.

இன்னொன்று. ஃபஜார் என்றால் மலாயில் விடியல், பத்திரிகையோ இங்கிலீஷில். அதே மே 13-இல் தேசிய சேவை என்ற கட்டாயப் படைச்சேவைக்கான பதிவை எதிர்த்துப் போலீஸ் தடியடி வாங்கியவர்கள் சீனப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள்? உன் நோட்டீஸும் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் இருக்கிறதா, பார்.

வாசகத்தை முதலில் கூட்டத்தில் வாசி. யார் ஒத்துக்கொண்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது மினிட்ஸில் ஏறட்டும். ஒத்துக்கொண்டவர் பேரை மட்டும் அச்சில் போடு. விசாவில் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதே, வெட்கத்துக்குச் சரி என்பார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேள். அதிகாரி ஒருவரைப் பேர் சொல்லித் திட்டுகிற வரி ஏதாவது இருந்தால், கையில் தாள் ஆதாரம் இல்லாதவரை அதை அடித்துவிடு. அவதூறு வழக்கு வந்தால் கட்டண உயர்வை எல்லாரும் மறந்துபோவார்கள்.

டிசம்பரில் சிநேகிதிகளோடு வருகிறாய். நீ படிக்கிற ஊரில் நடக்கிற மாதிரி இங்கே நடக்காது. அனுமதியில்லாமல் ஒற்றை ஆள் அட்டை பிடித்து நின்றாலும் சட்டத்தில் அது கூட்டம்தான். கூட்டம் போட விட்டிருக்கிற ஹோங் லிம் பூங்காவில் போராட்டம் நடந்தால் நீ போகலாம். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாத பிள்ளைகள் வேடிக்கை பார்க்க நின்றாலும் குற்றம். அவர்களை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதே.

வசூலுக்கு ரசீதுப் புத்தகம் வாங்கும்போது நம்பர் அச்சடித்ததாகப் பார்த்து வாங்கு. வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும், அதில் ஒன்று உன்னுடையதாக இருக்க வேண்டாம்.

அம்மா