பங்கருக்குள் இருந்தால் தப்பலாமோ?

வன்னியின் சனசமூக நிலையங்கள், மாதர் சங்கங்கள், இளைஞர் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

போன ஓகஸ்ட் 6 ஆம் திகதி எங்கள் ஊர் வாசிகசாலையில், அணுகுண்டு விழுந்ததை நினைவுகூரும் ஹிரோஷிமா நாள் கூட்டமொன்று வைத்தேன். ஏழு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் உர மானியக் கூட்டமென்று நினைத்து வந்தவர்கள்; வந்ததற்குத் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சிறுபோக அருவி வெட்டு நேரம், மடுத் திருவிழாவும் கிட்டிவிட்டது. குறை சொல்லவில்லை.

ஓர் ஆச்சி மட்டும் கேட்டார்: "தம்பி, அதுக்கு பங்கருக்குள்ள இருந்தால் தப்பலாமோ?"

யாரும் சிரிக்கவில்லை. கிபிர் குண்டுவீச்சு விமானம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவர் அவர். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, இடம்பெயர்ந்த இடமெல்லாம் பங்கர் வெட்டிய கை. நான் எய்சோ நொமுராவின் கதையைச் சொன்னேன். குண்டு வெடித்த இடத்துக்கு 170 மீற்றர் அளவு தூரத்தில், ஒரு கொங்கிறீட் கட்டடத்தின் நிலக்கீழ் அறைக்கு ஆவணம் எடுக்க இறங்கியிருந்தவர். தப்பினார், 1982 வரை வாழ்ந்தார். ஆனால் 1945 முடிவதற்குள் அந்த நகரில் ஏறத்தாழ 1,40,000 பேர் செத்துப்போனார்கள். 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டம் முழுவதிலும் அவ்வளவு சனம் இருக்கவில்லை. பலர் அன்றைக்கே சாகவில்லை. தலைமயிர் கொட்டி, முரசில் இரத்தம் கசிந்து, கிழமைகள் கழித்துச் செத்தார்கள். இன்றைய குண்டுகளில் பெரும்பாலானவை அதைவிடப் பல மடங்கு பெரியவை.

"அப்ப வெட்டிப் பிரயோசனமில்லை" என்றார் ஆச்சி.

ஒரு காலத்தில் அணுகுண்டு வேண்டாமென்று உலகமே தெருவில் நின்றது. 1982 யூன் 12 அன்று நியூயோர்க்கில் பத்து லட்சம் பேர் அளவில் திரண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் கிரீன்ஹாம் கொமன் படைத்தளத்தை 30,000 பெண்கள் கைகோத்துச் சுற்றி நின்றார்கள். அப்புறம் பனிப்போர் முடிந்தது. 1986 இல் 70,000 அளவில் இருந்த குண்டுகள் இன்று 12,000 அளவுக்கு இறங்கிவிட்டன. அலுவல் முடிந்ததென்று சனம் வீட்டுக்குப் போய்விட்டது. குண்டுகள் போகவில்லை. ஒன்பது நாடுகளிடம் இருக்கின்றன. அதிலொன்று பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம்.

எங்களுக்கென்ன என்று கேட்பீர்கள். காணி விடுபடவில்லை, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 இலிருந்து போராடுகிறார்கள், இதற்குள் அணுகுண்டா? நியாயமான கேள்விதான். ஆனால் முகமாலைப் பக்கம் போனவர்களுக்குக் கண்ணிவெடி இருக்கிற இடத்தைக் காட்டும் சிவப்புத் தடி தெரியும். வெயிலுக்குள் முகக்கவசத்தோடு குந்தியிருந்து, சின்ன வாரியால் மண்ணை விரல் விரலாக இழுத்த எங்கள் பெண்பிள்ளைகளையும் தெரியும். அந்தக் கண்ணிவெடியைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வல்லரசுகளின் இரக்கத்தால் வரவில்லை. 1992 இல் ஆறு அமைப்புகள் கூடித் தொடங்கிய இயக்கம் அரசுகளைக் கரைச்சல்படுத்தி, 1997 இல் எழுத வைத்தது. இலங்கை 2017 இல் சேர்ந்தது. எங்கோ தூரத்திலிருந்த ஆட்கள் எங்கள் காலுக்காகக் கத்தியிருக்கிறார்கள்.

அதே வழியில்தான் அணுவாயுதத் தடை ஒப்பந்தமும் 2017 இல் வந்தது. 122 நாடுகள் ஆதரித்தன. இலங்கை 2023 செப்டெம்பரில் சேர்ந்துகொண்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே பிந்தித்தான் தெரியும். அணுவாயுதம் எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று 1996 இல் சர்வதேச நீதிமன்றத்தில் மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி வீரமந்திரியும் இந்த நாட்டவர்தான்.

அந்த ஒப்பந்தத்தின் 12 ஆவது உறுப்புரை, சேராத நாடுகளைச் சேரும்படி தூண்டுவது உறுப்பு நாடுகளின் கடமை என்கிறது. சரி, இந்தியாவிடம் கேட்டீர்களா, எப்போது, என்ன பதில் வந்தது என்று எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சபையில் எழுந்து அரசாங்கத்திடம் கேட்கட்டும். அதைக் கேட்கச் சொல்லி ஒவ்வொரு சங்கமும் ஒரு கடிதம் எழுதினால் போதும். வாசகம் நான் எழுதித் தருகிறேன், கடிதத்தலைப்பும் முத்திரையும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வருகிற ஓகஸ்ட் 6 பின்னேரம் நாலரைக்கு வாசிகசாலைத் திண்ணையில் இருப்பேன். ஆச்சி வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டு முடிந்தவர்கள் வாருங்கள்; உர மானியத்தையும் கதைக்கலாம்.

இப்படிக்கு,
வாசிகசாலைச் செயலாளர்