கத்தி முடிந்துவிட்டது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். போனில் வருகிற "நல்லா இருக்கேன்" எல்லாம் என் கணக்கில் சேராது.

நீ கேட்ட கத்தி முடிந்துவிட்டது. லாரிப் பட்டையில் அடித்தது. அலகு 5 அங்குலம், முதுகில் 4 மில்லி கனம். அரிவாளுக்குச் செய்வது போலக் காம்பைப் பிடிக்குள் செருகவில்லை. நீ படம் போட்டு அனுப்பியபடி பிடியின் கடைசி வரை ஒரே இரும்பு, இரண்டு பக்கமும் நாட்டுக் கருவேலங்கட்டை, பித்தளை ஆணி. சம்மட்டி போட்டது நான்தான். தோள்வலி பற்றிக் கேட்காதே, அது பழையது.

அடித்த கையோடு அனுப்பிவிடலாம் என்றார் அப்பா. நான் விடவில்லை. வால்பாறை மழையில் அட்டைக்கடிக்கு நடுவே நிற்கிறவள் கைக்குப் போகிற சாமான், இங்கே கொஞ்சம் பாடுபட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கண்மாய்க்கரைக்கு எடுத்துப்போய் சீமைக்கருவேலங்கிளை கழித்தேன். காய்ந்த கட்டையில் கத்தியின் வாயை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டி விறகு பிளந்தேன். ஒரு கணுவில் மாட்டியதும் டக்கென்று சத்தம். வெயிலில் திருப்பிப் பார்த்தால் வாயில் ஒரு இடம் மினுங்குகிறது. நல்ல கூர் வெளிச்சம் காட்டாது, உனக்குத் தெரியும். நகத்தில் இழுத்தேன், தட்டியது. எள்ளளவு பல் போயிருந்தது.

அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எண்ணெயில் தோய்ச்சல் கொடுத்தது சரிதான், அதற்கப்புறம் லேசாகச் சூடு காட்டி இளக்கியதுதான் போதவில்லை. அரம் போட்டு வெள்ளை இரும்பு தெரிய வைத்து, முதுகுப் பக்கமாகச் சூடு காட்டினார். முதுகு நீலம் ஏற, வாயில் வைக்கோல் நிறம் வந்து நின்றது. அந்த நொடியில் தண்ணீரில் விட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த நிறம் ஓடும்போது இப்போதும் கைவேலையை விட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். மறுபடி அதே கட்டை, அதைவிட மோசமான கணு. ஒன்றும் ஆகவில்லை. பனைமட்டைக் கருக்கைச் சீவினேன். தேங்காய் நார்க்கயிறு எவ்வளவு சீக்கிரம் கத்தியின் கூர்மையைத் தின்னும் என்று தெரியுமல்லவா, அதையும் அறுத்தேன். அப்புறமும் தினசரித் தாளைச் சத்தமில்லாமல் சீவியது. உன் அப்பா கைக்கு இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஆனால் ஈரத்துணியில் சுற்றி ராத்திரி வைத்திருந்து பார்த்தால் காலையில் காவி பூத்துவிட்டது. இது ஸ்டெயின்லெஸ் இல்லை, தாயி. வேலை முடிந்ததும் துடை, தேங்காய் எண்ணெய் தடவு. தோலுறை நனைந்திருந்தால் கத்தியை அதற்குள் போடாதே. நீ குடையையே மடக்கிக் காயவைக்காமல் மூலையில் போடுகிறவள்.

ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். உண்ணிச்செடி வெட்டுவதற்கு ஆபீஸிலேயே கத்தி கொடுக்கிறார்கள் என்று போன தீபாவளிக்கு நீதான் சொன்னாய். இது காட்டு வேலைக்குத்தானே? சும்மாதான் கேட்கிறேன். காட்டு வேலைக்கென்றால் சரணாலயத்துக்குள் கத்தி கொண்டுபோக எழுத்தில் அனுமதி வேண்டும், 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் கத்தியையும் ஆயுதம் என்றுதான் போட்டிருக்கிறது. நீ படித்தவள், எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். கடிதம் வாங்கி வைத்துக்கொள்.

2021-இல் போலீஸ் சொன்னதிலிருந்து பட்டறையில் நோட்டு போட்டிருக்கிறோமே, வாங்குகிறவர் பெயர், விலாசம், எதற்கு என்று. வெளியாள் யாராவது நுனி கூரான நேர்கத்தி கேட்டால் அப்பா செய்துகொடுப்பதில்லை. உன் பெயரை எழுதிவிட்டு "எதற்கு" என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். விவசாயம் என்று எழுதுங்கள் என்றேன். எழுதினார். அப்புறம், நுனியை மழுக்கி வளைத்துவிடலாம், செடி வெட்டுகிறவளுக்கு நுனி எதற்கு என்றார். இருக்கட்டும் என்று சொன்னது நான்.

கொல்லையில் குலை வெட்டிய வாழை ஒன்று நின்றது. அதில் குத்திப் பார்த்தேன். கையில் தண்ணீர் இருந்ததால் பிடி வழுக்கி விரல் வாய்ப்பக்கம் போய்விட்டது. காயம் பெரிதில்லை. அப்பாவிடம் சொல்லி, பிடி முடிகிற இடத்தில் விரல் முன்னால் போகாதபடி சின்னத் தடுப்பு வைத்திருக்கிறது. பிடியையும் அரத்தால் கொஞ்சம் சொரசொரப்பாக்கச் சொன்னேன். இப்போது ஈரக்கையோடு எவ்வளவு வேகமாக எடுத்தாலும் நிற்கிறது. உன் கையும் என் கையும் ஒரே அளவு.

துடைத்து எண்ணெய் போட மறக்காதே. இருட்டியபின் தனியாக நடக்காதே, யானை வரும். யானைக்குக் கத்தி உதவாது, அதுவும் தெரிந்துகொள். ஊருக்கே நீதான் முதல் எம்.எஸ்ஸி என்று அப்பா இன்றைக்கும் டீக்கடையில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்காவது ஒரு போன் செய்யலாம் நீ.

கத்தியை மாமாவிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தேங்காய் ஏற்றப் பொள்ளாச்சி வருகிறார். அவரை மலையேற வைக்காதே. நாற்பது கொண்டை ஊசி வளைவு, அவருக்குத் தலைசுற்றும். நீயே காலை பஸ்ஸில் இறங்கி வந்து வாங்கிக்கொள். சாயங்காலம்தான் லாரி கிளம்பும், முன்னால் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கிறது. நீயும் ஏறிக்கொண்டால் அவர் ஏன் என்று கேட்க மாட்டார், சொல்லிவிட்டேன். துணிமணி இங்கேயும் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா