குதிரை லாயத்துக்கு அனுப்பப்பட்ட தரமற்ற தென்னை நார்த்தூள் குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கெலமங்கலத்துக்கு அருகில் ஐந்து குதிரைகளை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுத்துப் பிழைப்பவன் நான். லாயத்தில் பரப்புவதற்காகச் சென்ற மாதம் தங்களிடம் நாற்பது கட்டி தென்னை நார்த்தூள் வாங்கினேன். கேழ்வரகுத் தாளை விரித்தால் குதிரைகள் அதையே தின்றுவிடுகின்றன. கடலைத் தோலில் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கிறது. ஐரோப்பிய லாயங்களில் விரிக்கும், செடிகொடிகள் அரைகுறையாக மட்கி உருவான பீட் மண் ஈரத்தை நன்றாக உறிஞ்சும் என்றாலும், சதுப்பு நிலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் மட்டுமே சேரும் ஒன்றைத் தோண்டிக் கப்பலேற்றி வரவழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் மாவட்டத்திலேயே தேங்காய் மட்டை அடிக்கும் ஆலைகளின் வாசலில் மலையாகக் குவிந்து கிடக்கும் தூள் அந்த வேலையைச் செய்யும் என்று நம்பியே தங்களை நாடினேன்.

‘கழுவிச் சலித்தது’ என்று கட்டியின் உறையிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். மட்டையில் இயல்பாகவே உள்ள உப்பு, நல்ல தண்ணீரில் கழுவினால்தான் போகும் என்பதை அதைத் தயாரிக்கும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிடி தூளை டம்ளரில் ஊறவைத்து, வடிகட்டி, நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. குதிரைகள் அந்த உப்புக்காகப் படுக்கையை நக்கின, தொட்டித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தன, ஓயாமல் சிறுநீர் கழித்தன. நான்காம் நாள் செவலைக் குதிரையின் குளம்பைத் தூக்கிச் சுரண்டியபோது, அடியிலுள்ள முக்கோணச் சதையிலிருந்து கறுப்பாக, மூக்கைப் பொத்தும் நாற்றத்துடன் அழுகல் வழிந்தது. உலர்ந்த மூலையில் கிளம்பிய தூசியில் மற்ற நான்கும் இருமுகின்றன. பத்தாண்டு உழைப்பு முழுவதும் ஒரே வாரத்தில் மண்ணாய்ப் போனது.

இதைத் தொலைபேசியில் ஏழு முறை சொல்லியாயிற்று. ஏழாம் முறை பேசிய தங்கள் ஊழியர், “குதிரைக்கு எதுக்கு சார் மெத்தை, மண்ணுல படுக்காதா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே இணைப்பைத் துண்டித்தார். பொருளில் குறை வருவது இயல்பு, அதை நான் பொறுத்துக்கொள்வேன். அந்தச் சொல்லைப் பொறுக்க முடியாது. அதற்கு முந்தைய வாரம், கட்டிகளை ஏற்றிக்கொண்டு காவேரிப்பட்டணம் கிடங்குக்கு வந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னவரும் அவரே. வேன் பிடித்து, இராயக்கோட்டை வழியாக வெயிலில் போய்ச் சேர்ந்தால் கிடங்கு பூட்டிக் கிடந்தது. அன்று அமாவாசை விடுமுறை என்று காவலாளி சொன்னார். வரச் சொன்னவருக்கு அது தெரியாதா?

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை ஏதும் இல்லை. முழுத் தொகையையும், வேன் வாடகையையும், கால்நடை மருத்துவருக்கு ஆன செலவையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். 1915 உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்வேன். அந்த ஊழியர் என்னிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதமுள்ள இருபத்தாறு கட்டிகள் தார்ப்பாயின் கீழ் கிடக்கின்றன. தங்கள் செலவில், தங்கள் வண்டியில் எடுத்துச் செல்லுங்கள். நான் இனி ஒரு முறை வேன் பிடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கெலமங்கலம், கிருஷ்ணகிரி மாவட்டம்.